சகலை இறங்க ஒரு லிஃப்ட்

ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போது லிஃப்ட் படுத்துவிட்டது.

மற்ற நாளாக இருந்தால் சூப்பர்வைசர் அலட்டிக்கொண்டிருக்க மாட்டார். ஒன்பது மாடிக் குடியிருப்பு. லிஃப்ட், மோட்டார், தீயணைப்புக் குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. ஐந்தாம் மாடியில் அவருக்கும் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். ஆனால் இன்று சகலை ஊருக்குக் கிளம்புகிற நாள்.

சகலை என்றால் மனைவியின் அக்கா புருஷன். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், மூன்றாம் நாள் முட்டி பிடித்துக்கொண்டது என்று உட்கார்ந்தார். இன்றோடு ஆறு வாரம். படுக்கையறை சகலைக்கு, ரிமோட் சகலைக்கு. சூப்பர்வைசருக்கு ஹாலில் கால் நீட்ட முடியாத சோபா. சாப்பாட்டில் உப்பு முதல் குழாயில் வாஷர் வரை சகலையிடம் யோசனை இல்லாத விஷயம் கிடையாது. இந்த ரயிலை விட்டால் அடுத்த டிக்கெட் கிடைக்க ஒரு மாதம் ஆகும்.

"படி இறங்குறதெல்லாம் என் முட்டிக்கு ஆகாது, சகல. லிஃப்ட் ஓடினா போறேன். ஓடலைன்னா நான் என்ன பண்ண?" என்றார் சகலை, பரம சாதுவாக.

சூப்பர்வைசர் படியேறி மொட்டை மாடிக்குப் போனார். மெஷின் ரூம் பூட்டாமல் கிடந்தது. நேற்று மறந்துவிட்டோம் போல என்று தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். மெயின் சுவிட்ச் விழுந்திருந்தது.

அது தானாக விழாது. கூரையில் சூடு பார்க்கும் கருவி ஒன்று உண்டு, பக்கத்திலேயே சூடு ஏறினால் உடைந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர். தீப்பிடித்தால் முதலில் அந்தக் கருவிக்குத்தான் தெரியும். உடனே லிஃப்டைத் தரைத்தளத்துக்கு இறக்கி, கதவைத் திறந்து ஆளை வெளியே விட்டு, அப்புறம் கரண்டை வெட்டும். அதற்குப் பிறகு ஸ்பிரிங்க்ளர் பொத்துக்கொண்டாலும் பயமில்லை. கரண்ட் ஓடுகிற மெஷினில் தண்ணீர் விழுந்தால் நடுவழியில் மாட்டிய ஆளின் கதி என்ன ஆவது? குடியிருப்போர் சங்கத்தோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டி இந்த ஏற்பாட்டைச் செய்ய வைத்தவரே சூப்பர்வைசர்தான். போன வாரம் சாப்பிடும்போது சகலைக்கு இதை விலாவாரியாக விளக்கினார். ஆறு வாரத்தில் சகலை குறுக்கே பேசாமல் கேட்டது அந்த ஒரு பேச்சைத்தான்.

தீ இல்லை, புகை இல்லை. ஏதோ கோளாறு என்று சுவிட்சை ஏற்றிவிட்டு, மறுபடி வரவேண்டியிருக்குமோ என்னவோ என்று கதவையும் பூட்டாமல், லிஃப்டிலேயே ஐந்தாம் மாடிக்கு வந்தார்.

வீட்டில் மனைவி தலைவிரி கோலமாக நின்றாள். "என் ஹேர் டிரையரைப் பார்த்தீங்களா? ஈரத் தலையோடவா ஸ்டேஷனுக்கு வர்றது?"

ஊர் பற்றி எரிகிறபோது ஹேர் டிரையர் ஒரு கேடா என்று எரிந்து விழுந்தார் சூப்பர்வைசர். சகலை சோபாவில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ரயிலை நினைத்துப் படபடப்பாம். "நீ பெட்டியை இறக்கி டாக்சில வை, சகல. நான் செருப்பை மாட்டிட்டு வந்துடறேன்."

பெட்டி இரண்டையும் டாக்சியில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், லிஃப்ட் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு.

சூப்பர்வைசருக்கு அழுகை வந்தது. மறுபடி ஒன்பது மாடி. போகிற வழியிலேயே லிஃப்ட் மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

"ஒரு ட்ரிப்தானே சார்? அந்தக் கருவி வயரைக் கழட்டி விட்டுட்டு ஆளை இறக்கிடுங்க" என்றான் அவன்.

மெஷின் ரூமிலேயே கிடந்த ஏணியைப் போட்டு ஏறிய சூப்பர்வைசரின் கை வயர் வரை போய்விட்டது. சோபா கண்முன் வந்தது, ரிமோட் வந்தது. ஆனாலும் மனசு வரவில்லை. மனுஷன் ஏறுகிற லிஃப்ட். சகலையே ஆனாலும் மனுஷன்தானே! வயரைக் கழட்டிப் போடாமல், ஸ்டோரிலிருந்து புதுக் கருவி கொண்டுவந்து மாட்டினார். அதில் முக்கால் மணி நேரம் போனது; அவசரத்தில் கதவைப் பூட்டவும் இல்லை.

இந்தத் தடவை சகலையைக் கையோடு கூட்டிக்கொண்டு இறங்குவதாகத்தான் திட்டம். லிஃப்ட் வாசல் வரை நொண்டி நொண்டி வந்த சகலை, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்லி நின்றார். கீழே டாக்சிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். "நீ போய் அவனைப் பிடிச்சு வை. நான் பின்னாடியே லிஃப்டைக் கூப்பிட்டு வந்துடறேன்" என்று சூப்பர்வைசரை உள்ளே தள்ளிப் பொத்தானையும் அமுக்கிவிட்டார்.

சூப்பர்வைசர் டாக்சிக்காரனிடம் கெஞ்சிவிட்டு வருவதற்குள் லிஃப்ட் வாயைப் பிளந்திருந்தது.

அவர் ஏறினார். ஏழாம் மாடியில் படியில் தண்ணீர் எதிரே வந்தது. மெஷின் ரூமில் ஸ்பிரிங்க்ளர் உடைந்து கொட்டிக்கொண்டிருந்தது. வால்வைத் தேடி மூடுவதற்குள் உள்பனியன் வரை நனைந்துவிட்டார். கரண்ட் முன்கூட்டியே போயிருந்ததால் மெஷின் வெடிக்கவில்லை, அவரும் சாகவில்லை. ஏற்பாடு சொன்னபடி வேலை செய்திருந்தது. அந்த சந்தோஷத்தைக் கொண்டாடக்கூட அவருக்குத் தெம்பில்லை.

மெக்கானிக் போனில் கணக்குச் சொன்னான். நனைந்த சர்க்யூட் பலகைகளை மாற்றி, சோதித்து, கையெழுத்து வாங்கி லிஃப்ட் ஓட ஒரு மாதம்.

சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்தார். ரயில் போயே போய்விட்டது. டாக்சிக்காரன் பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே இறங்கினான். சகலையும் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். படபடப்பு அடங்க இன்னொரு குளியல் போட்டாராம்.

"விதி, சகல. ஒரு மாசம்னா ஒரு மாசம். இந்த முட்டியை வச்சுக்கிட்டு அஞ்சு மாடி எப்படி இறங்குவேன்?" என்று ரிமோட்டை எடுத்தார்.

சூப்பர்வைசர் தலையணையை எடுத்துச் சோபாவில் போட்டார். மனைவிகூட அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

அப்போது காலிங்பெல் அடித்தது. வாசலில், படி பெருக்குகிற அம்மா. ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் தண்ணீர் சொட்டும் ஹேர் டிரையர்.

"மெஷின் ரூம்ல இருந்து உங்க விருந்தாளி ஐயா ரெண்டு ரெண்டு படியா தாண்டி ஓடி வந்தாருங்கம்மா, அப்ப இதைக் கீழ போட்டுட்டாரு. நானும் குடுக்கலாம்னு அஞ்சாவது மாடி வரைக்கும் துரத்தினேன், என்னால பிடிக்க முடியல."