மேபலின் முழங்கால் பற்றி மூன்று ஆராய்ச்சிகள்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
செவ்வாய்க்கிழமை

அன்பும் அறிவும் நிறைந்த மகள் றேணுகாவுக்கு அப்பா ஹெக்டர் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மா மேபலும் இங்கு சுகம். மெல்பேர்ணில் உன் சுகத்தையும், ஆய்வுகூடத்தில் நீ வளர்க்கின்ற வைரசுகளின் சுகத்தையும் அறிய ஆவலாயுள்ளோம். இது போனிலேயே சொல்லக்கூடிய செய்திதான். ஆனால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லும்போது பின்னால் கீபோர்ட் தட்டுகிற சத்தம் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

முதலில் நற்செய்தி. அம்மாவின் முழங்கால் ஒப்பரேஷன் போன வியாழக்கிழமை நல்லபடியாக நிறைவேறியது. இதற்குப் பிள்ளைகள் மூவரும் தூரத்திலிருந்து செய்த உதவியை எழுதாவிட்டால் நான் நன்றி கெட்டவன். உன் தம்பி பிறெடி டொரொண்டோவில், எலும்பை வெட்டுவதற்கு முன் கொம்பியூட்டரில் வெட்டிப் பார்க்கிற ஆராய்ச்சி செய்கிறவன் அல்லவா, அம்மாவின் ஸ்கானைக் கேட்டு வாங்கி, பதினாலு பக்கத்தில் ஒரு திட்டம் அனுப்பினான். ஷிப்லியின் கடையில் கலரில் பிரிண்ட் எடுத்து வந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் அதையே பார்த்தா. "என்ட முழங்காலை எவ்வளவு நேரம் இருந்து பாத்திருக்கிறான், என்ன?" எண்டா. "முகத்தைப் பாத்து ஆறு வருஷம். முழங்காலையெண்டாலும் பாத்தானே."

ஒப்பரேஷன் செய்கிற டொக்டர் சஜீத்திடம் அதைக் காட்டப் புறப்பட்ட அண்டைக்குப் பார்த்து மழை. ஒழுங்கையில் முழங்கால் தண்ணி, ஓட்டோக்காரன் உள்ளே வரமாட்டன் எண்டிட்டான். செய்தி கேட்டு ஒஸ்லோவிலிருந்து உன் அண்ணன் ரெனால்ட், நகர வெள்ளமும் சுற்றாடல் கொள்கையும் பற்றித் தான் எழுதின அறுபது பக்க அறிக்கையை உடனே அனுப்பினான். அதையும் பிரிண்ட் எடுத்து மாநகரசபை வடிகான் கந்தோருக்குக் கொண்டுபோனேன். அங்க இருந்த சிங்கள அதிகாரி மாத்தையா அறிக்கையின் அட்டையைத் தடவிப் பார்த்து, "ஹொந்தாய் அங்கிள், ஹெட்ட எண்ட" எண்டார். நல்லதாம், நாளைக்கு வரட்டாம். மூண்டு நாளைக்குப் பிறகு தண்ணி தானாவே வடிஞ்சுது, அப்பதான் டொக்டரிட்டப் போனம்.

அவர் பிறெடியின்ட திட்டத்தை மெய்யாவே ரசிச்சுப் பார்த்தார். "அங்கிள், எத்தனை மில்லிமீட்டர் எண்டது வரைக்கும் எல்லாம் இருக்கு. ஒண்டுதான் இல்லை. வீட்டுக்குப் போனபிறகு அன்ரியைப் பிடிச்சு எழுப்பி நடத்தப்போறது ஆர்?" நான் கையைத் தூக்கினன். அவர் என்ட எழுபத்தாறு வயசை மேலயிருந்து கீழ வரைக்கும் பார்த்திட்டு, "அப்ப அங்கிளைப் பிடிக்கிறது ஆர்?" எண்டார்.

நீ அனுப்பின கிருமித் தடுப்புச் சட்டங்களையும் விடேல்லை, மகள். ஒப்பரேஷனுக்கு ரெண்டு கிழமை முந்தியே வாசல் கதவில ஒட்டினன். பக்கத்து வீட்டு பர்ஸானா கஞ்சியோட வந்து, இருபத்தொரு சட்டத்தையும் நிண்டு வாசிச்சா. "ஹெக்டர் அங்கிள், நான் வரலாமா வரப்படாதா?" எண்டு வெளியில நிண்டு கேட்டா. ஆக்கள் வாறதைப் பற்றின ஏழாம் சட்டத்தை நான் தேடி முடிக்கிறதுக்குள்ள பானையைப் படியில வைச்சிட்டுப் போயிட்டா. பூனை குடிச்சிட்டுது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாறேல்லை. வீடு நல்ல சுத்தமா இருக்கு. கதைக்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே ஒருவரும் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஓடி வரவேண்டாம். அம்மா சந்தி வரைக்கும் நடக்கிறா. தேவமாதா உங்கள் மூவரையும், நீங்கள் தேடுகிற உண்மைகளையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக.

என்றும் அன்புள்ள அப்பா,
ஹெக்டர்

பி.கு: ஒப்பரேஷன் நடக்கேல்லை, மகள். பிள்ளையள் குழம்பிப்போவினம், முடிஞ்சுதெண்டே எழுதுங்கோ எண்டு அம்மா சொன்னதால அப்பிடி எழுதினனான். இப்ப அவ குளிக்கப் போயிட்டா. அண்டைக்கு ஆஸ்பத்திரிக் கவுணும் போட்டு, ட்ரொலியில ஒப்பரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் கொண்டு போயிட்டினம். நேர்ஸ் பிள்ளை போம் நிரப்ப எண்டு, "அன்ரி, பிள்ளையள் ஆர் வெளியில நிக்கினம்?" எண்டு கேட்டுது. அம்மா, "எனக்கு மூண்டு பேர்" எண்டா. பிறகு இறங்கி, அந்தக் காலோடயே நடந்து வெளியில வந்திட்டா. டொக்டர் கோவிக்கேல்லை. அடுத்த திகதி எப்ப எண்டு கேட்டன். "என்னட்டக் கேக்காதேங்கோ அங்கிள், பிள்ளையளிட்டக் கேளுங்கோ" எண்டார். அதுதான் கேக்கிறன்.