வசனத்துக்கு அடுத்த காட்சி

“அந்தப் போர்டைக் கழட்டப் போறியளா, நான் அரிவாமனையைக் கொண்டாந்து கயித்த அறுக்கவா?”

கோமு வாசலில் நின்று கத்தியது அம்பாசமுத்திரத்தில் பாதித் தெருவுக்குக் கேட்டது. மீதிப் பாதி ஏற்கெனவே வாசலுக்கு வந்திருந்தது.

அவள் புருஷன் சிவசைலத்துக்கு, பழைய படங்களைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவன் ஜில்லாவிலேயே கிடையாது என்று எண்ணம். மகள் சித்ரலேகாவின் நிச்சயதார்த்த ஃபிளெக்ஸ் போர்டில் ஒரு வசனத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்: ‘எங்கள் வீட்டு விளக்கை உங்களிடம் தருகிறேன், மாப்பிள்ளை.’

மாப்பிள்ளையின் தாய்மாமன் குமரகுருபரன், ஏற்பாடுகளைப் பார்க்க இரண்டு நாள் முன்னதாகவே சேரன்மகாதேவியிலிருந்து வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் அவர் தலையசைக்காமல் எதுவும் நடக்காது. போர்டைப் பார்த்தவர் படியேறவில்லை.

“இதைச் சொன்ன அப்பன் அடுத்த காட்சியில நெஞ்சப் பிடிச்சிட்டு விழுவாம்லா வே. செத்தவன் வசனத்தையா நிச்சயத்துக்குப் போடுதீரு?”

சிவசைலத்துக்கு அடுத்த காட்சி நினைவில்லை. அதை ஒப்புக்கொள்ள வாயும் வரவில்லை. சாயங்காலமே ஷேக் மைதீன் கடையில் புது போர்டு அடித்துக் கட்டினார்: ‘நீ நடக்கும் வழியெல்லாம் பூவாய்க் கிடப்பேன்.’

“இதுவா? பாலம் இடிஞ்சு ரெண்டு பேரும் ஆத்தோட போயிருவாங்க” என்றார் குமரகுருபரன். “நான் பாக்காத படமா வே?”

“நாளைக்கழிச்சு நிச்சயம்” என்றாள் கோமு. “பிள்ளை வாழ்க்கையா, உங்க வசனமா?”

சிவசைலத்துக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. எந்தப் படத்திலும் இல்லாத வசனத்துக்கு அடுத்த காட்சி ஏது? தோசை தின்றபடியே சொந்தமாக ஒன்று எழுதினார். “பழைய படம், உனக்குத் தெரியாது” என்று கோமுவிடமே அளந்தும்விட்டார்.

‘சுடுசோறு காத்திருக்கிறது, சீக்கிரம் வா கண்ணே.’

மறுநாள் காலையில் கட்டிய அந்தப் போர்டின் முன் குமரகுருபரன் வெகுநேரம் நின்றார். துண்டால் கண்ணைத் துடைத்தார்.

“அவன் வரவே இல்ல வே. லாரி.”

சிவசைலம் கோமு பக்கம் பார்க்காமலே சொன்னார். “அண்ணாச்சி, இது படமே இல்ல. நேத்து நானா எழுதுனது.”

“எங்கிட்டயே கதை விடுதீரா? சோத்துப்பானை உருண்டதை இந்தக் கண்ணால பாத்தேன். ஆடி கழியட்டும், பாப்போம்.”

அந்த ஊர்ப்பக்கம் ‘பாப்போம்’ என்றால் ‘நடக்காது’ என்று அர்த்தம். கோமு நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சித்ரலேகா போர்டை அவிழ்த்துத் திருப்பிப் போட்டாள். வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் இரண்டு பேர் பெயரையும் நேரத்தையும் மட்டும் எழுதிக் கட்டினாள்.

“இதுக்கு அடுத்த காட்சி என்ன, மாமா?”

குமரகுருபரன் யோசித்தார். ஒன்றும் வரவில்லை. படியேறிவிட்டார்.

நிச்சயம் நடந்தது. ஆவணியில் கல்யாணமும் நடந்து, சித்ரலேகா மாப்பிள்ளை நடராஜுடன் ஓசூருக்குக் குடிபோய்விட்டாள். அவர்கள் கிளம்புவதற்கு முன் நடந்த மறுவீட்டு விருந்தில்தான், அந்த லாரி எங்கிருந்து வந்தது என்ற குடைச்சல் தாங்காமல், சிவசைலம் குமரகுருபரனின் மனைவியிடம் பையக் கேட்டார்.

“மதினி, அண்ணாச்சி எத்தனை படம் பாத்திருப்பாவ?”

“முழுசா ஒண்ணுகூட இல்லையே” என்றாள் அவள், இலையில் அப்பளம் வைத்தபடி. “இருபது வருஷம் தியேட்டர்ல கதவு திறந்துவிட்ட வேலைலா, படம் முடியப் போகும்போதுதான் உள்ள எட்டிப் பாப்பாவ, அப்ப எவனாவது செத்துக்கிட்டு இருப்பான்.”