துவக்கர் துடைத்த ஏழு துப்பாக்கிகள்

இத்தாலியின் பலேர்மோ நகரில் வாழும் ஈழத்தவர் எம்முள், இறந்தவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு வேலை தொடங்கியவர் துவக்கர் ஒருவரே. அவ்விறந்தவர்களும் வெள்ளைக்காரர்கள்.

போர்கோ வெக்கியோ என்னும் பகுதியில் ஓர் அறையில் அவரும் நானும் இருந்தோம். ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மையாரின், வீட்டில் நான் சமையல், அவர் துப்புரவு. சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற கணவர் சேர்த்த ஏழு பழைய ஆங்கிலேயக் கைத்துப்பாக்கிகள் அங்கே கண்ணாடிப் பேழையில் இருந்தன. சக்கிமுக்கிக் கல் பொறிதட்டி வெடிப்பவை. ஒவ்வொன்றிலும் செய்தவனின் பெயரும் இலண்டன் என்ற ஊரும் செதுக்கப்பட்டிருக்கும். அடியார் பெயர்களை நான் ஓதுவதுபோல் துவக்கர் காலைதோறும் அவற்றை ஓதி வணக்கம் சொல்வார். துவக்கு என்றால் எங்களூரில் துப்பாக்கி; அவர் பட்டப்பெயர் அப்படி வந்தது.

அவற்றுள் ஒன்றில், கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியல் மட்டும், மாலையில் இறக்கிவைத்தாலும், காலையில் பாதி பின்னிழுபட்டு நிற்கும். பேழைச் சாவியோ துவக்கரின் இடுப்பில்.

"செய்தவன் வந்து பாத்திட்டுப் போறான், ஐயா," என்பார், பால் விலை சொல்லும் குரலில்.

என் நெஞ்சு ஐந்தெழுத்தைத் தேடும்.

ஆயுத பூசை வந்தது. துடைப்பம், வாளி, ஈற்றில் ஏழு துப்பாக்கிகள்: தம் தொழிற்கருவிகள் அனைத்துக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பி, என்னைப் பதிகம் பாடச் சொன்னார். இரண்டாம் பாட்டில் கதவு திறந்தது. துப்பாக்கிகளில் ஈரச் சிவப்பைக் கண்ட சிஞ்ஞோரா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

துவக்கரின் பெர்மெஸ்ஸோ அம்மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும். வேலை போனால் இந்நாட்டில் தங்கும் அனுமதியும் போய்விடும்.

"துடைப்பத்தோடை நிப்பாட்டியிருக்கலாமே," என்று முணுமுணுத்தேன்.

"அவை கோவிப்பினம், ஐயா."

சிஞ்ஞோரா அந்த ஒன்றைச் சுட்டி, காலையில் அதன் சுத்தியல் எப்படி நிற்கிறது என்று மட்டும் கேட்டார். துவக்கர் உள்ளதைச் சொன்னார். தம் கணவரும் அதையே சொல்லிவந்தார் என்றும், தாம் ஒருநாளும் நம்பவில்லை என்றும் கூறிய அம்மையார், உள்ளே போய்க் கணவரின் படத்தை எடுத்துவந்து நீட்டினார். அதற்கும் ஒரு பொட்டு வேண்டுமாம்.

வேலை தப்பியது.

சென்ற மாசியில் துவக்கர் சிவபதம் அடைந்தார். சாவி இப்போது என் இடுப்பில். முதல்நாள் அரைகுறையாகவே துடைத்தேன். மறுநாள் காலை ஏழும் பளபளத்தன. பூட்டிய பேழைக்குள் அவர் தலைக்குப் பூசும் தேங்காயெண்ணெயின் மணம். என் கைவேலையில் அவருக்கு இன்றும் நம்பிக்கையில்லை.

அன்றுதொட்டு ஒரு துப்பாக்கியைத் தூசியோடு விட்டுவருகிறேன். வேலை இருந்தால்தானே துவக்கர் இங்கே தங்க முடியும்.