ஒரு தோசை கம்மி

சைபர் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தெரியாமலேயே நான் ஒரு எஸ்டேட்டில் மெக்கானிக்காக இருந்திருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமில்லை. ஏற்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிந்துபோன விஷயத்துக்கு வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

தொண்ணூறுகளின் கடைசி. நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஐ.டி.ஐ. முடித்த கையோடு சேர்ந்தவன், இன்னும் நிரந்தரமாகவில்லை. "இந்த சீசன்ல பல்ப்பர் நிக்காம ஓடட்டும், அப்புறம் உன் ஆர்டரப் பத்திப் பேசலாம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பல்ப்பர் என்பது காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற மிஷின். பறித்த பழத்தை அன்றைக்கே உரித்தாக வேண்டும். குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும்.

அப்படிப்பட்ட பொறுப்பான வேலைக்கு எனக்கு ஒரு டிஜிட்டல் வெர்னியர் அவசியம் என்று அவரை நச்சரித்தேன். வெர்னியர் என்பது எந்தப் பொருளையும் வாய்போலக் கவ்விப் பிடித்து அதன் கனத்தைச் சொல்கிற கருவி. பழைய வெர்னியரில் கோடுகளை உற்றுப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும். (கணக்கு வந்திருந்தால் நான் ஏன் மலைமேல் கிரீஸ் பூசிக்கொண்டிருக்கிறேன்?) டிஜிட்டலில் எண் தானாகத் தெரியும். கடைசியில் மேனேஜர் இறங்கி வந்தார். "வெல நியாயமா இருக்கணும், நம்பிக்கையாவும் இருக்கணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார்.

சேலத்தில் ஒரு டூல்ஸ் கடையில் மூன்று வெர்னியர்களை எடுத்துப் போட்டார்கள். ஒன்று வெல்வெட் பெட்டிக்குள் இருந்தது. விலையைக் கேட்டதும் பெட்டியை நானே மூடிவிட்டேன். ஒன்று பிளாஸ்டிக். நடுவில் ஸ்டீலில் ஒன்று, ஊர் பேர் தெரியாத கம்பெனி. நான் மூன்றையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன், தேங்காய் வாங்குகிறவன் மாதிரி.

கடைக்காரர் பொறுக்கமுடியாமல், "ஏனுங்க, அப்படியெல்லாம் பாக்கக் கூடாதுங்க. பத்துத் தடவ தொறந்து மூடுங்க. பத்துத் தடவையும் சைபருக்கே வந்து நிக்கணும்" என்றார்.

பிளாஸ்டிக் மூன்றாம் தடவையே தடுமாறியது. ஸ்டீல் பத்துக்குப் பத்தும் சைபர். அதையே வாங்கினேன்.

"அளக்கறதுக்கு முந்தி எப்பவும் வாய மூடி சைபர் பாத்துக்குங்க" என்று அவர் சொன்னபோது நான் பலமாகத் தலையாட்டினேன். (கேட்பதை நிறுத்திவிட்டால்தான் நான் பலமாகத் தலையாட்டுவேன்.)

அதற்கப்புறம் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தேன். மிளகு, காப்பிக்கொட்டை, பக்கத்து வீட்டு நாயின் காது. ஒரு திங்கட்கிழமை காலை அம்மாவின் தோசையைப் பிடித்தேன். இரண்டு தசம் மூன்று பூஜ்யம் மில்லிமீட்டர்.

"ஏஞ்சாமி, தோசைய அளந்து பாத்தாத்தான் எறங்குமா?" என்றார் அம்மா.

"எல்லாத் தோசையும் ஒரே கனமா இருக்குதான்னு பாக்கறேன்மா."

அந்த வெர்னியரில் ஒரு பொத்தான் உண்டு. எந்த இடத்தில் நிறுத்தி அழுத்துகிறோமோ அந்த இடத்தையே சைபர் என்று எடுத்துக்கொள்ளும். முதல் தோசையின் மேல் வைத்து அழுத்தினேன். அடுத்தடுத்த தோசை எவ்வளவு கூட, எவ்வளவு குறைச்சல் என்று நேராகத் தெரியுமே! அம்மாவின் கை பிசகவேயில்லை. எண்ணெயை லுங்கியில் துடைத்து, வெர்னியரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

போய்ச் சேரும்போதே பல்ப்பர் நின்றிருந்தது. ஷாஃப்ட் என்கிற தண்டு உள்ளே நுழைந்து சுற்றுகிற உலோக வளையம், புஷ், உடைந்துவிட்டது. வெளியே பறிப்பு ஆரம்பமாகியிருந்தது. மத்தியானத்துக்குள் களம் நிறையப் பழம் வந்துவிடும். ஆபீஸ் போனில், சேலத்தில் லேத் பட்டறை வைத்திருந்த பாயைக் கூப்பிட்டேன். எங்கள் மிஷின்களுக்கு வழக்கமாகச் சாமான் கடைந்து தருபவர்.

"வெளி அளவு எங்கிட்ட இருக்குதுங்க தம்பி. ஷாஃப்ட்டு தேஞ்சிருக்கும், அத மட்டும் அளந்து சொல்லுங்க."

அளந்தேன். திரும்பி வந்து போனில் சொன்னேன்: "முப்பத்தஞ்சு தசம் நாலு எட்டு, பாய்."

"அவ்ளோவாத் தேஞ்சு போச்சு? நல்லாப் பாத்தீங்களா?"

மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார். விடுவேனா? "டிஜிட்டல் பொய் சொல்லாதுங்க பாய்" என்றேன்.

எங்கள் மலைக்கு மருந்து, மல்லிகைப்பூ, மோட்டார் சாமான் எல்லாம் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினால் வந்துவிடும். புஷ்ஷும் அப்படித்தான் மத்தியானப் பஸ்ஸில், காகிதம் சுற்றி, பளபளவென்று வந்தது. ஷாஃப்ட்டில் மாட்டினேன். நுழையவில்லை. எண்ணெய் போட்டேன். நுழையவில்லை. முருகா என்றேன். முருகனுக்கும் நுழையவில்லை.

களத்தில் பழம் மலையாகக் குவிந்திருந்தது. பறித்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்கள். மேனேஜர் ஒரு பழத்தை எடுத்துப் புளிக்கிறதா என்று முகர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. என் ஆர்டர் அந்தப் பழத்தோடு சேர்ந்து புளித்துக்கொண்டிருந்தது.

ஆபீசுக்கு ஓடி போனில் கத்தினேன். "தப்பாக் கடைஞ்சு அனுப்பிட்டீங்களே பாய்!"

பாய் நிதானமாகக் கேட்டார்: "கோவிச்சுக்காதீங்க தம்பி. அந்த வெர்னியரு வாய மூடுங்க. என்ன காட்டுது?"

மூடினேன். மைனஸ் இரண்டு தசம் மூன்று பூஜ்யம்.

அந்த எண்ணை எங்கே பார்த்தோம் என்று யோசித்தேன். வயிற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"என்னப்பா, யார் தப்பு?" என்றார் பின்னாலேயே வந்திருந்த மேனேஜர்.

"தோசைங்க சார்" என்றேன்.

காலையில் தோசைமேல் வைத்த சைபரை மாற்றாமலே ஷாஃப்ட்டை அளந்து ஒரு தோசைக் கனம் கம்மியாகச் சொன்ன முழுக்கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. கணக்கு எழுதும் ரைட்டர் லெட்ஜரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். போனைக் கையில் வைத்திருந்ததை மறந்தே போனேன். மறுமுனையில் பாய் இருமி இருமிச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "ஓட்டை சின்னதாத்தானே போச்சு, பயப்படாதீங்க. சின்னதப் பெருசாக்கிரலாம். பெருசாப் போயிருந்தாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது. எடுத்துட்டு வாங்க."

அம்மாவின் தோசை என்னைக் குழியில் தள்ளியிருந்தது. ஆனால் ஏறி வரக்கூடிய பக்கமாகத் தள்ளியிருந்தது. வாயை மூடி, சைபர் பார்த்து, மூன்று தடவை மறுபடி அளந்தேன். முப்பத்தேழு தசம் ஏழு எட்டு. மேனேஜரே ஜீப்பை எடுத்தார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நான் கணபதியைக் கூப்பிட, அவர் மட்டும் திடீர் திடீரென்று, "தோசை!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பாய் கொஞ்ச நேரத்தில் ஓட்டையைப் பெரிதாக்கிக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் பல்ப்பர் கடகடவென்று ஓடியது. தோல் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் என்று பிரிந்து விழுந்த அந்தச் சத்தத்தைப்போல நிம்மதியான ஒரு சத்தத்தை நான் அதற்கப்புறம் கேட்டதில்லை. ஒரு கூடைப் பழம்கூடக் கெடவில்லை. சீசன் முடிந்ததும் ஆர்டரும் வந்தது. கொடுக்கும்போது மேனேஜர், "சம்பளம் நீ கேட்டதவிட ஒரு தோசை கம்மி" என்றார்.

வீட்டில் அம்மா கவலைப்பட்டதெல்லாம் வேறு. "நல்லவேளை, அன்னிக்கு ஊத்தப்பம் ஊத்துல கண்ணு" என்றார்.

கல்யாணமாகி வந்த என் மனைவிக்கு மாமியார் முதலில் சொன்ன கதை இதுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாக் குறையும் தோசைக் கணக்கில்தான். மகளின் மார்க் ஒரு தோசை கம்மி. தையல்காரர் தைத்த ஜாக்கெட் ஒரு தோசை கம்மி. நான் எதையாவது அடித்துப் பேசினால் போதும், "ஏனுங்க, மொதல்ல வாய மூடிப் பாத்தீங்களா?" என்பாள்.

வெர்னியர் இன்னும் என்னிடம் இருக்கிறது, பத்துக்குப் பத்தும் சைபர். இப்போது கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் மகள் போன வாரம் போன் செய்தாள். "அப்பா, லேபுக்கு ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்கணும். வெலயும் நியாயமா இருக்கணும், நம்பியும் வாங்கணும். எப்படிப் பாத்து வாங்கறது?"

எத்தனை வருடத்து அனுபவம்! தொண்டையைச் செருமிக்கொண்டு, "பத்துத் தடவை திறந்து மூடணும்மா..." என்று ஆரம்பித்தேன்.

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் போன் வரைக்கும் கேட்டது: "எத வேணா வாங்கு கண்ணு. சாப்புட்டு முடிச்சப்புறம் பெட்டியத் தொற!"