மோட்டாரை நிறுத்தியதாக நான் போட்ட கையெழுத்து

கணினி படித்தவனிடம் ஒரு சின்னப் பிரச்சினையைக் கொடுத்தால், அதைப் பெரிய பிரச்சினையாக்கித்தான் திருப்பித் தருவான். யாரையும் குறை சொல்லவில்லை. நானே சாட்சி.

நெமிலிச்சேரியில் எங்கள் அடுக்ககத்தில் எட்டு வீடுகள், ஒரே மோட்டார். காலையில் அதைப் போட்டு நிறுத்துவது வீட்டுக்கு ஒரு நாள் முறை. யார் மறந்தார்கள் என்று தினமும் சண்டை. நோட்டு வைத்தார்கள், பக்கங்கள் காணாமல் போயின. உடனே நான் பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டோடு கிளம்பினேன். (கொசு அடிக்கப் பீரங்கி. ராணுவ டாங்கி செய்யும் ஆவடிப் பக்கம் பீரங்கிக்கா பஞ்சம்?)

சங்கக் கூட்டத்தில் மார்தட்டினேன். "ஒவ்வொருத்தருக்கும் தனி ரகசியச் சாவி. உங்க கையெழுத்த வேற யாரும் போட முடியாது. எட்டுப் போன்லயும் நகல் இருக்கும். ஒண்ணுல மாத்தினா மத்த ஏழும் காட்டிக்குடுத்துரும். அழிக்கவே முடியாது."

காவலாளி முனுசாமி அண்ணன் மட்டும் கேட்டார்: "அது சரி சார். மோட்டாரு மெய்யாலுமே நின்னுச்சான்னு அதுக்கு எப்டித் தெரியும்?"

நான் பெருந்தன்மையாகச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றும்.)

முதல் முறை என்னுடையது. ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டேன். ரயிலுக்கு ஓடினேன். ஏறிய பிறகுதான் நிறுத்தவில்லை என்பது உறைத்தது. முதல் நாளே பதிவு விடுபட்டால் மானம் என்னாவது? "மோட்டார் நிறுத்தப்பட்டது" என்று போனிலேயே கையெழுத்துப் போட்டேன். மனைவி சுமதியைக் கூப்பிட்டு நிஜமாகவே நிறுத்தச் சொல்ல நினைத்தபோது ஜன்னலோரம் ஓர் இடம் காலியானது. உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன்.

மாலையில் திரும்பினால் படிக்கட்டடியில் கூட்டம். மேல்வீட்டுக் கலைவாணி அக்கா தன் மகளின் வளைகாப்புக்காக மொட்டைமாடியில் பிழிந்து வைத்திருந்த கூழ் வடகம், தொட்டி வழிந்து மறுபடி கூழாகியிருந்தது. சங்கச் செயலாளர் போனை நீட்டினார். "சார் ஆறு இருபதுக்கே நிறுத்திட்டார். அழிக்க முடியாத பதிவு. அப்புறம் போட்டது கீழ இருக்கிற ஆள்தான். நாளையிலேர்ந்து முனுசாமி வேண்டாம்."

"நான் போடவே இல்ல சார். தண்ணி வழியசொல்ல ஓடிப் போயி ஆஃப் பண்ணதுதான் நானு" என்றார் முனுசாமி அண்ணன், என்னைப் பார்த்து.

என் வீரத்தைக் கேளுங்கள். வீட்டுக்குள் ஓடி அந்தப் பதிவை அழிக்கப் பார்த்தேன். கால் மணி நேரம் போராடியும் முடியவில்லை. நான் செய்தவற்றில் சொன்னபடி வேலை செய்தது அது ஒன்றுதான். வேறு யாரோ என் பெயரில் போட்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. அப்படிப் போடவே முடியாது என்று வாய் கிழியப் பேசியவன் நான்.

சுமதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அழிக்க முடியலைன்னா அதுக்குக் கீழ எழுதுங்க. எடம் இருக்குல்ல?"

எழுதினேன். "மேலே உள்ளது பொய். மோட்டாரை நான் நிறுத்தவில்லை. முனுசாமி அண்ணன்தான் நிறுத்தினார்." எட்டுப் போன்களும் ஒன்றாக ஒலித்தன. வெட்கத்தில் காது சுட்டது. நெஞ்சு மட்டும் லேசானது.

கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். செயலாளரும் முனுசாமி அண்ணனை அனுப்பும் பேச்சை விட்டுவிட்டார். "வுடு சார். உங்க மிசினு மேல தப்பில்ல, அத்த நம்பலாம்" என்றார் முனுசாமி அண்ணன். மீதியை மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கலைவாணி அக்காவோடு உட்கார்ந்து வடகம் பிழிந்தேன்.

அடுத்த வாரமே செயலாளர் ஒரு பதிவு போட்டார்: "நேற்று மறந்தது நான்தான்." பிறகு ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள். மோட்டார்ச் சண்டை ஓய்ந்தது.

எங்கள் வீட்டில்தான் ஓயவில்லை. நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் சுமதி கேட்பாள்: "அடுப்ப அணைச்சீங்களா, இல்ல ரயில்ல போயி அணைச்சுக்குவீங்களா?"

மறுபேச்சு இல்லாமல் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒருமுறை எரிந்துகொண்டுதான் இருந்தது.