உடம்பை நம்பாத குவாண்டம்

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் தொடங்கி கோலசிலாங்கூர் கடற்கரை வரை, உடம்பே இல்லாமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் குவாண்டம்தான். அப்படிச் சொன்னது அவர். அவர் ஏறிய மோட்டார் சைக்கிளின் டயர்களுக்கு வேறு கருத்து இருந்தது.

செம்பனை எண்ணெய் ஆலைக்குக் குலை ஏற்றி வரும் லோரிகளை எடை போடுவது எங்கள் இருவர் வேலை. ஒருநாள் கைப்பேசியில் குவாண்டம் இயற்பியல் பற்றி ஏதோ காணொளி பார்த்தார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் போனது.

"எலக்ட்ரான் இருக்குல்ல தம்பி, நாம அளந்து பாக்குற வரைக்கும் அதுக்கு இதான் இடம்னு கெடையாது. உடம்பும் அப்படித்தான்லா. மனசு பாக்குறதாலதான் உடம்பே இருக்கு!"

"அப்போ நீங்களும் ஒருதடவ எடைமேடையில ஏறிப் பாருங்கண்ணே."

"ஏறுனா ஒரே எடைதான். ஏறாத வரைக்கும் நான் எல்லா எடையும்!" என்று இன்னொரு ரொட்டி சானாயைப் பிய்த்தார்.

கால் சுளுக்கிய லோரி ஓட்டுநரிடம், "காலை நெனைக்காத, சரியாயிடும்" என்றார். அவன் காலை நினைக்காமல் நடந்து சாக்கடையில் விழுந்தான்.

ஒரு காலையில் குவாண்டம் சட்டை நனைய வியர்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்லலா. வலி மனசுல இருக்கு. நான் கவனிக்கல."

நான் அவர் மனைவி சரோஜா அக்காவுக்குப் போன் போட்டேன். அடுப்பை அணைத்த கையோடு வந்து நின்றார்.

"மனசு வலிச்சா என்கிட்ட சொல்லுங்க. நெஞ்சு வலிச்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஏறுங்க காருல!"

நான் காரை ஓட்ட, வழியெல்லாம் குவாண்டம் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் கிலியாக இருந்தது. பிறகு மெதுவாக, "தம்பி, ஏதாச்சும் பேசுலா. பயமா இருக்கு" என்றார். எனக்கு என்ன தெரியும்? பக்கத்து வீட்டுக் கோழி என் காருக்கடியில் முட்டையிடும் கதையை ஆஸ்பத்திரி வாசல் வரை சொன்னேன்.

உள்ளே, நெஞ்சில் ஒயர்களை ஒட்டியதும் தெம்பு வந்துவிட்டது. இளம் மலாய்ப் பெண் டாக்டரிடம் எலக்ட்ரானைப் பற்றி ஆரம்பித்தார்.

"அங்கிள், டியாம், சத்தம் வேண்டாம்! பேசினால் கோடு ஆடுகிறது" என்று அந்தப் பெண் மலாயில் அதட்டியதும் கப்சிப்.

இதயக் குழாயில் அடைப்பு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, உள்ளே சின்ன வலைக்கம்பி வைத்தார்கள். மறுநாள் பார்க்கப் போனேன்.

"அண்ணே, உடம்பு இருக்கா?"

"இருக்குலா. ஊசி குத்துன எடமெல்லாம் இருக்கு."

அவர் ஓய்வில் இருந்த நாட்களில் லோரிகள் வந்தன, போயின. ஆலை இரைந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் அறை மட்டும் வெறிச்சோடிக் கிடந்தது.

இளைத்துப்போய்த் திரும்பி வந்தார். சீனி போடாத தேநீரை முகம் சுளித்துக் குடித்துவிட்டு, "படுத்துக்கிட்டே யோசிச்சேன் தம்பி. மனசும் உடம்பும் ரெண்டு இல்ல போல. அது எப்படின்னா..." என்று தொடங்கினார்.

வெளியே லோரிகள் ஹாரன் அடித்தன. "இருங்கப்பா!" என்று கத்திவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.