ஒத்துக்கொள்ளாத ஒன்று

"இந்த வரிசையைப் படிங்க."

"எழுத்தெல்லாம் ஆடுதே சார்."

ஆடியது எழுத்து அல்ல, எழுத்துப் பலகை. அதைப் பிடித்திருந்த இடது கையின் முழங்கை மடிப்பைக் கண்ணாடிக்கடைக்காரர் வலது கையால் சொறிந்துகொண்டிருந்தார். அது கொஞ்சம் அடங்கியதும் பிடரி ஆரம்பித்தது. கைக்கு அகப்பட்ட பிரேமின் காதுக்கம்பியால் அதையும் ஒரு கை பார்த்தார்.

வாடிக்கையாளர் எதிர்க் கண்ணாடியில் இதைப் பார்த்துவிட்டார்.

"சார், அது எனக்கு மாட்டப்போற பிரேம்தானே?"

"துடைச்சுத் தரேங்க."

"ஒட்டுமா அது?"

"ஒட்டாதுங்க. எக்ஸிமா. தொத்து வியாதியே கிடையாது."

"அப்படியா? அடுத்த தெருவுலகூட ஒரு கண்ணாடிக் கடை இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்தார்.

வெயிலோடு மட்டும் போயிருந்தால் சமாளித்திருக்கலாம். காற்றும் ஈரத் துணி போல உடம்பில் ஒட்டிக்கொண்டது. குளித்துவிட்டுத் துவட்டும்போதே அவருக்கு வியர்த்தது. வியர்வை மடிப்புகளில் தேங்கும். தேங்கிய இடம் அரிக்கும். சொறிந்தால் சொர்க்கம். நிறுத்தினால் நெருப்பு.

தோல் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "ஏதோ ஒண்ணு உங்களுக்கு ஒத்துக்கலை. ஒவ்வொண்ணா விலக்கிப் பாருங்க. எது இல்லாதப்போ சரியாகுதோ, அதுதான் காரணம்" என்றார்.

கூடவே போயிருந்த மனைவி அதை அப்படியே மனதில் பதித்துக்கொண்டாள். மறுநாளே வீட்டில் களையெடுப்பு ஆரம்பமானது. குளியல் சோப்பு போனது. முட்டை போனது, மீன் போனது. ஜன்னல் திரைகள் தூசி பிடிக்கும் என்று இறங்கின. வெயில் நேரே கட்டிலுக்கு வந்தது. படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தினமும் வாளிக்குப் போயின. துணி துவைக்க வரும் அம்மாள், "இது வீடா, ஆஸ்பத்திரியா?" என்று முணுமுணுத்தபடி மூட்டையைச் சுமந்தாள்.

அரிப்பு அதிகமானது.

பக்கத்து வீட்டுக்காரி விசாரிக்க வந்தபோது மனைவி எக்ஸிமாவைத் தமிழில், "அவருக்குக் கரப்பான் தொந்தரவு" என்று சொல்லி வைத்தாள். அந்த அம்மாள் உடனே ஓடிப்போய், ஒரு பூச்சி மருந்து டப்பாவோடு திரும்பினாள். "மூலை முடுக்கெல்லாம் அடிங்க. ராத்திரியோட ராத்திரியா மல்லாந்து கிடக்கும்."

யார் மல்லாந்து கிடப்பார் என்று கண்ணாடிக்கடைக்காரர் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த நேரத்தில் மனைவியின் அக்காளுக்குக் காலில் எலும்பு முறிந்தது. மனைவி கூடமாட ஒத்தாசைக்குக் கிளம்பிப் போனாள். அவள் திரும்பி வந்தபோது கண்ணாடிக்கடைக்காரர் வாசலிலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"இங்க பாரேன்! குழந்தை கை மாதிரி ஆயிடுச்சு!"

மனைவி கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"நான் இல்லாதப்போ சரியாயிடுச்சா?"

"ஆமா, மொத்தமா..." என்றவர், அந்தக் கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்பது புரிந்து பாதியில் நிறுத்தினார். "வெயில் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. அதான்."

வெயில் ஒன்றும் குறைந்திருக்கவில்லை. அந்த வாரக் கடைசியிலேயே மடிப்புகள் மறுபடியும் சிவந்தன.

"டாக்டர் என்ன சொன்னார்? எது இல்லாதப்போ சரியாகுதோ, அதுதான் காரணம்" என்றாள் மனைவி, அமைதியாக. அந்த அமைதி அவரை மிகவும் பயமுறுத்தியது.

அன்றிலிருந்து அவள் தன்னையே விலக்கிக்கொள்ளத் தொடங்கினாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள். பவுடரை விட்டாள். வளையலைக் கழற்றி வைத்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போய்ப் படுத்தாள். அவர் அறைக்குள் சொறிகிற சத்தம் கூடத்தில் கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் அறைக்குள் கேட்டது.

"கடைசியா ஒரே ஒரு தடவை போய்ப் பார்க்கறேன்" என்று அவள் மறுபடியும் அக்காள் வீட்டுக்குப் போனாள். கண்ணாடிக்கடைக்காரர் தன் உடம்பிடம் கெஞ்சாத குறை. இந்த ஒரு தடவை மட்டும் அரித்துத் தொலைக்கக்கூடாதா? உடம்பு கேட்கவில்லை. நாளுக்கு நாள் தோல் பளபளத்தது. கடையில் எழுத்துப் பலகை அசையாமல் நின்றது. வாடிக்கையாளர்கள் கடைசி வரிசை வரைக்கும் படித்தார்கள். அவர் மட்டும் சோகமாக உட்கார்ந்திருந்தார்.

மனைவி திரும்பும் நாளில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு மாட்டிக்கொண்டார். அவள் உள்ளே நுழைந்ததும் சட்டைக்கு மேலேயே வறட்டு வறட்டென்று சொறிய ஆரம்பித்தார்.

"அய்யோ, நீ போனதுல இருந்து தாங்கலை! உன்னால ஒண்ணுமே இல்லைன்னு இப்பவாவது தெரியுதா?"

மனைவியின் முகம் மலர்ந்தது. "அடடா, பாவம்! இருங்க, களிம்பு தடவறேன். சட்டையைக் கழட்டுங்க."

"வேண்டாம், நானே..."

"கழட்டுங்கன்னா!"

கழற்றியாயிற்று. உள்ளே குழந்தைக் கை.

மனைவி களிம்பை மூடி வைத்தாள். "பொய் சொல்ற அளவுக்கு வந்துட்டீங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு வக்கீலாக இருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

அண்ணன் வருவதற்குள் அரிப்பு முந்திக்கொண்டு வந்துவிட்டது. அவர் கோர்ட்டிலிருந்து கோட்டோடு நேராக வந்து இறங்கியபோது கூடத்தில் பெட்டி தயாராக இருந்தது. பெட்டியின் ஒரு பக்கத்தில் தங்கை அழுதுகொண்டிருந்தாள்; இன்னொரு பக்கத்தில் மாப்பிள்ளை சொறிந்துகொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, என் தங்கச்சி உங்களுக்கு அலர்ஜியாமே?"

"நான் அப்படிச் சொல்லலை மச்சான்."

"உங்க கை சொல்லுது! என் சர்வீசுல புருஷன் பொண்டாட்டி கேசு எத்தனையோ பார்த்திருக்கேன். தோலே கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்ற கேசை இப்பதான் பார்க்கறேன்."

"நான் போயிடறேன் அண்ணா. அவராவது நிம்மதியா இருக்கட்டும்" என்றாள் மனைவி.

கண்ணாடிக்கடைக்காரர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "நீ எங்கயும் போக வேண்டாம். எனக்குச் சரியாகவே வேண்டாம். ஆயுசுக்கும் சொறிஞ்சுக்கிட்டே இருக்கேன், நீ இரு."

மனைவி பெட்டியை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். வக்கீலும் பெட்டியை உள்ளே எடுத்து வைக்கக் கை நீட்டினார். ஆனால் தொழில் புத்தி விடவில்லை. மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பொண்டாட்டி அந்தப் பக்கம் போனதும் ஒரு மனுஷன் பளபளன்னு ஆகறான்னா, காரணம் அவ போனது மட்டும்தானா? இல்லை, வேற யாராவது..."

"மச்சான்!"

அந்த நேரம் பார்த்துத் துணி துவைக்கும் அம்மாள் காலி வாளியோடு கூடத்தைக் கடந்தாள். வக்கீல் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"நில்லும்மா. தினமும் இந்த வீட்டுக்கு வந்து போறது நீதானே? என் தங்கச்சி ஊர்ல இல்லாதப்போ இங்க என்ன நடக்குது? ஒண்ணு விடாம சொல்லணும். மறைச்சேன்னா கோர்ட்டுல ஏத்திடுவேன்."

கறுப்புக் கோட்டைப் பார்த்ததுமே அவள் கையிலிருந்து வாளி நழுவியது.

"மன்னிச்சிடுங்கய்யா, தெரியாம செஞ்சுட்டேன். அம்மா இருந்தா பக்கத்துலயே நின்னு அள்ளி அள்ளிப் போட வைப்பாங்க. அம்மா இல்லாத நாள்ல மட்டும் நான் ஐயா துணிக்கு சோப்புத்தூளே போடறதில்லைங்க, வெறும் தண்ணியில அலசிக் காயப் போட்டுடுவேன்."